இஸ்திரிப்பெட்டி கேட்ட மன்னிப்பு

அத்தியாயம் 14

தன் அணி ஜெயித்துக்கொண்டிருப்பதில் குக் தேபோங்குக்கு ஒரே ஒரு சங்கடம்தான். அது ஜெயிக்காது என்று அவர் எழுதியிருந்தார்.

ஒரு தடவை எழுதியிருந்தால் பரவாயில்லை. குன்சான் கிரேன்ஸ் பேஸ்பால் அணி ஐந்தாம் இடத்தைப் பிடித்துக்கொண்டு பிளே-ஆஃபுக்குள் நுழைந்தபோது, ‘இரண்டே நாளில் வீடு திரும்புவார்கள்’ என்று எழுதினார். நான்காம் இடத்துக்காரர்களை அவர்கள் ஊரிலேயே இரண்டு நாள் அடித்துவிட்டு வந்தார்கள். ‘குருட்டு அதிர்ஷ்டம்’ என்று எழுதினார். மூன்றாம் இடத்துக்காரர்களும் விழுந்தார்கள். இப்போது சங்ஜு புல்ஸோடு ஐந்து ஆட்டத் தொடர். நேற்றோடு கிரேன்ஸ் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால். இன்று சனிக்கிழமை, சொந்த ஊரில் நான்காவது ஆட்டம். ஜெயித்தால் இறுதித் தொடர். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம். இருக்கிறோமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

துறைமுகச் சாலையில் சலவைக்கடை வைத்திருக்கும் தேபோங், ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் ஒன்பது வருஷமாக ‘இஸ்திரிப்பெட்டி’ என்ற பெயரில் எழுதுகிறார். பதினோராயிரம் பேர் படிக்கிறார்கள். ‘பெட்டி அண்ணன் இன்னைக்கு என்ன சொல்றாரு?’ என்று பார்த்துவிட்டுத்தான் ஊரில் பலருக்குக் காபி இறங்கும். ஆள் யார் என்பது மட்டும் அவர் மனைவி மல்சுன், மகள் ஹானுல் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

பெட்டியின் சூடு முக்கால்வாசி மேனேஜர் யோம் மீதுதான். அதற்குக் காரணம் பியோ கன்வூ. வருஷம் முழுக்கக் கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுத்த பிட்சர். இந்த மூன்று வாரமாக அவனை யோம் களத்தில் இறக்கவே இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் எட்டாவது இன்னிங்ஸ் வந்ததும் கன்வூ களத்தோரத்துப் பயிற்சிக் கூண்டில் நின்று பந்து வீசுவான். கேட்சரின் கையுறையில் பந்து விழும் சத்தம் டமார் டமாரென்று கடைசி வரிசை வரை கேட்கும். மைதானமே எழுந்து நிற்கும். அப்புறம் கடைசியான ஒன்பதாவதில் களத்துக்குள் நடந்து வருவது முப்பத்தொன்பது வயது நாம்குங். அவர் எறியும் பந்து வந்து சேர்வதற்குள் ஒரு துண்டு கோழி தின்றுவிடலாம்.

கன்வூ அடுத்த வருஷம் ஜப்பானுக்குப் போகிறான், அதனால் கையைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிறான், யோம் அதற்குத் துணை போகிறார். இதுதான் தேபோங்கின் தீர்ப்பு. நேற்று ஆட்டம் முடிந்ததும் ஒரு படி மேலே போய்விட்டார். ‘நாளை நாம்குங் உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து களத்துக்கு முதுகைக் காட்டுவோம்.’ காலைக்குள் மூவாயிரம் பேர் சரி என்றிருந்தார்கள்.

அந்தக் காலையில்தான் ஹானுலின் ஆள் வீட்டுக்கு வருவதாக இருந்தது.

இரண்டு வருஷமாகப் பழகுகிறேன், அவர் கிரேன்ஸின் பயிற்சிக் கூண்டில் பந்து பிடிக்கிறவர் என்று ஹானுல் போன வாரம் சொன்னபோது, ‘அவனும் பேஸ்பாலா’ என்று மல்சுன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வருகிறேன் என்று சொல்லி மூன்று முறை தள்ளிப்போனது. தோற்றிருந்தால் எப்போதோ வந்திருப்பான், ஜெயித்துத் தொலைத்தார்கள். இன்றும் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆட்டம். அதனால் காலை ஏழரைக்குச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

ஹானுல் அப்பாவிடம் இரண்டு நிபந்தனை போட்டிருந்தாள்.

“நீங்கதான் இஸ்திரிப்பெட்டின்னு அவருக்குத் தெரியக் கூடாது. அங்க எல்லாரும் அதைப் படிச்சு வயிறு எரியறாங்க. இன்னொண்ணு, மேனேஜரைத் திட்டக் கூடாது.”

“சரி.”

“சத்தியமா?”

“சரின்னேன்ல.”

மூன்றாவது நிபந்தனையை மல்சுன் போட்டாள். “அந்த கிரேன்ஸ் சட்டையைக் கழட்டுங்க. சலவைக்கடைக்காரர் மூணு வாரமாத் துவைக்காத சட்டையோட மாப்பிள்ளைப் பையன் முன்னாடி உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்?”

“ஜெயிக்கிற சட்டையை எவனாவது துவைப்பானா, ஹானுல் அம்மா?”

“தோத்துடுவாங்கன்னுதானே எழுதினீங்க?”

தேபோங் எழுந்து வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார். சட்டை மட்டும் உடம்பிலேயே இருந்தது.

*

தாக் இன்ஜே பேரிக்காய்ப் பெட்டியோடு வந்தான். முப்பத்தொரு வயது, அகலமான தோள், தூக்கம் போதாத கண். தரையில் நெற்றி படக் குனிந்து வணங்கினான். தேபோங்கின் சட்டையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“துவைக்கலீங்களா, அப்பா?”

“எப்படித் தெரியும்?”

“எங்க ஆளுங்களும் துவைக்க மாட்டாங்க. பஸ்ஸுல உட்கார முடியாது.”

மல்சுன் முதல் தடவையாகச் சிரித்தாள். நண்டு, வாட்டிய மீன், மாட்டிறைச்சி முள்ளங்கி சூப் எல்லாவற்றையும் அவன் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

“ஆட்டத்துல இறங்குவீங்களா, தம்பி?”

“இல்லம்மா. எட்டு வருஷமாக் கூண்டுலதான். ஒரு நாளைக்கு முந்நூறு பந்து வாங்குவேன்.”

“ஒரு ஆட்டம்கூட ஆடினதில்லையா?”

“நான் குந்துற இடத்துலேர்ந்து நல்லாத் தெரியும்மா,” என்றான் அவன், குறையாக எதுவும் இல்லாதவன் போல.

சோயாவில் ஊறிய நண்டுக் காலை அவன் இடது கையால் பிடிக்க முடியாமல் தவிப்பதை தேபோங் கவனித்தார். சுட்டுவிரல் மற்ற விரல்களைவிட இரு மடங்கு பருமனாக, ஒரு பக்கம் கோணிக்கொண்டிருந்தது. ஹானுல் எதுவும் சொல்லாமல் நண்டை வாங்கி உடைத்துக் கொடுத்தாள். அவனும் எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டான். இது நிறைய நாளாக நடக்கிற விஷயம் என்று தெரிந்தது.

பையனைப் பிடித்துப்போய்விட்டது. அதனால்தானோ என்னவோ தேபோங்கின் நாக்கு அவிழ்ந்தது. மேனேஜரைத் திட்டக் கூடாது என்றுதானே நிபந்தனை? கன்வூவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

“ஏம்ப்பா, அந்தக் கன்வூ பயலுக்கு என்ன கேடு?”

“அப்பா,” என்றாள் ஹானுல்.

“நான் யாரையும் திட்டலம்மா, கேக்கிறேன். ஊரே தொண்டை கிழியக் கத்துது. அவன் என்னடான்னா தன் கை மண்சட்டி, தொட்டா உடைஞ்சிடும்ங்கிற மாதிரி நிக்கிறான். ஜப்பான்காரன் பார்த்துக்கிட்டு இருக்கான்னா நம்ம ஊர்க்காரன் கண்ணு அவிஞ்சா போச்சு?”

“அப்படி இல்லீங்க, அப்பா,” என்றான் இன்ஜே.

“எப்படி இல்லே? நேத்து நான் அங்கதானே உட்கார்ந்திருந்தேன். கிளவுஸ்ல விழுந்த சத்தம் இந்தக் காதுல கேட்டுச்சு. அந்த வேகத்துல போடறவனுக்கு என்ன நோவு இருக்க முடியும்? சுயநலம். வேற என்ன?”

இன்ஜே சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தான்.

“அந்தச் சத்தம் நான் போடுறதுங்க.”

“நீயா?” என்றார் தேபோங்.

“பந்து வரும்போது கையை லேசா முன்னால தள்ளி, கிளவுஸோட நடுவுல வாங்கணும். மெதுவா வந்த பந்துகூட வெடி மாதிரி கேட்கும். பிட்சருக்குத் தைரியம் வரட்டும்னு எப்பவும் பண்றதுதான். இப்போ…” அவன் ஹானுலைப் பார்த்தான். அவளுக்கும் இது புதிது என்று அவள் முகத்தில் தெரிந்தது. “கன்வூவுக்கு நடுவிரல் நகம் ரெண்டாப் பிளந்திருக்குங்க. அவனோட அந்தக் கீழ விழுற பந்து வரவே வராது. நேர்ப் பந்தும் பாதி வேகம்தான். நீ நின்னாலே போதும், அவங்க பயந்துக்கட்டும்னு மேனேஜர் சொன்னாரு. பயப்படவும் செய்யறாங்க. ஒன்பதாவதுல கன்வூ வந்துட்டா கதை முடிஞ்சுதுன்னு, எட்டாவதுலயே அவசரப்பட்டு அடிச்சு அவுட் ஆகுறாங்க. இந்த மூணு வாரம் நாங்க ஜெயிச்சது அப்படித்தான்.”

தேபோங் வாயில் வைத்த சோறு அங்கேயே இருந்தது.

“யாரோ ஒருத்தன் இஸ்திரிப்பெட்டின்னு எழுதுறானாம். கன்வூ பஸ்ஸுல அதைத்தான் படிப்பான். படிச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவான். நாங்க யாரும் பேசிக்க மாட்டோம். இன்னைக்கு எல்லாரும் முதுகைக் காட்டப் போறாங்களாம்.”

மல்சுன் சூப் பாத்திரத்தில் கரண்டியைச் சத்தமாக வைத்தாள். “சாப்பிடுங்க தம்பி, ஆறிடும்.”

“மன்னிச்சுக்கங்கம்மா. வாய் தவறிடுச்சு. அப்பா, இது வெளிய போகக் கூடாதுங்க. எங்க பத்துப் பேருக்குத்தான் தெரியும்.”

“நான் யார்கிட்டப்பா சொல்லப் போறேன்?” என்றார் தேபோங்.

அந்த நேரத்தில் அது பொய் இல்லை.

கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆட்டம் முடிந்து பேசிக்கொள்ளலாம் என்று எல்லோருமே நினைத்தார்கள். ஒன்பது மணிக்கு இன்ஜே கிளம்பிப் போனான்.

*

கடையில் ஆவி இயந்திரம் சீறிக்கொண்டிருந்தது. தேபோங் கல்லாவுக்குப் பின்னால் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஒரே ஒரு நாள் பேசாம இருங்களேன்,” என்றாள் மல்சுன்.

“மூவாயிரம் பேர் முதுகைக் காட்டப் போறாங்க. நான் சொல்லி. அந்தப் பையன் விரலைப் பிளந்துக்கிட்டு நிக்கிறான். சும்மா இருன்னா எப்படி இருக்கறது?”

“இருந்துதான் ஆகணும்.”

“அது கோழைத்தனம், ஹானுல் அம்மா. தப்புன்னு தெரிஞ்சா தப்புன்னு சொல்லணும். ஒன்பது வருஷமா அந்த யோமை அதைத்தானே செய்யச் சொல்லிக்கிட்டு இருக்கேன்?”

மல்சுன் ஒரு கோட்டை உதறி மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

எழுதினார். நகம் என்று எழுதி அழித்தார். காயம் என்று எழுதி அதையும் அழித்தார். இன்ஜே பெயரோ, விரலோ, கூண்டோ எங்கும் வராமல் பார்த்துக்கொண்டார். கடைசியில் இப்படி வந்தது:

‘நான் தவறு செய்துவிட்டேன். பியோ கன்வூ சுயநலக்காரன் இல்லை. மேனேஜர் யோம் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. கையுறைச் சத்தத்தை நம்பி நான் எழுதியதெல்லாம் பிழை. காதால் கேட்டதை வைத்து ஒருவனை எடை போட்டுவிட்டேன். இன்று யாரும் முதுகைக் காட்ட வேண்டாம். நாம்குங் வந்தால் எழுந்து நின்று கைதட்டுங்கள். மன்னிப்புக் கேட்கிறேன். — இஸ்திரிப்பெட்டி.’

இரண்டு முறை படித்துப் பார்த்தார். ரகசியம் எதுவும் இல்லை. கண்ணியமாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் அவர் எழுதியதிலேயே நல்லது இதுதான் என்றுகூடத் தோன்றியது.

ஒன்பது நாற்பதுக்கு அனுப்பினார்.

*

மைதானத்தில் ஒன்றே கால் மணிக்கே இடம் நிறைந்துவிட்டது. ரசிகர்களின் பாட்டுத் தலைவன் மேடையேறி, ஒவ்வொரு ஆட்டக்காரனின் பாட்டாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் பொரித்த கோழிப் பெட்டி திறக்காமல் இருந்தது.

ஹானுலின் போன் அடித்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

“இல்ல. நான் யார்கிட்டயும் சொல்லல… என்னது? எங்க?” கேட்டுக்கொண்டே போனில் எதையோ தேடினாள். படித்தாள். அப்படியே தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள்.

“என்னம்மா?”

“நீங்க எழுதினதை மேனேஜர் மத்தியானம் எல்லாரையும் உட்கார வச்சு வாசிச்சாராம்.”

தேபோங்குக்கு முதலில் வந்தது பெருமைதான். ஒரே ஒரு நொடி.

“‘கையுறைச் சத்தத்தை நம்பி’. இதை வேற யார் எழுத முடியும் அப்பா? அந்தச் சத்தம் பொய்னு தெரிஞ்சவங்களே பத்துப் பேர்தான். புல்ஸ் ரசிகர்கள் பத்து மணிக்கே எடுத்துப் போட்டுட்டாங்க. ‘கன்வூவால வீச முடியாது, கூண்டுல நடக்கறது நாடகம்’னு தலைப்பே வச்சிருக்காங்க.”

“நான் அப்படி எழுதலியே. மன்னிப்புத்தானே கேட்டேன்?”

“ஆமா. மன்னிப்புத்தான் கேட்டிருக்கீங்க.”

அவள் போனை மறுபடி காதில் வைத்தாள். “இன்ஜே. அது எங்க அப்பா.” கொஞ்சம் பொறுத்து, “ஆமா. ஒன்பது வருஷமா,” என்றாள்.

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று தேபோங்குக்குக் கேட்கவில்லை. பாட்டு காதைப் பிளந்தது. ஹானுல் போனை மடியில் வைத்தாள்.

“யார் சொன்னதுன்னு மேனேஜர் கேட்டாராம். யாரும் வாயைத் திறக்கல. இப்பச் சொன்னா கன்வூ மனசு கலைஞ்சிடும், ஆட்டம் முடிஞ்சதும் நான்தான்னு சொல்லிடறேங்கிறார் இன்ஜே. அவருக்கு வருஷா வருஷம் எழுதற ஒப்பந்தம், அப்பா. இந்த மாசத்தோட முடியுது. வேற எந்த டீமும் எடுக்காது. ரகசியத்தை வெளிய விட்டவனைக் கூண்டுக்குள்ள எவன் விடுவான்?”

“நான் போய்ச் சொல்றேன்.”

“ஆட்டம் முடியற வரைக்கும் எதுவும் பண்ணாதீங்க. தயவுசெஞ்சு எதுவும் எழுதாதீங்க.”

*

அன்றைக்கு எதை வேண்டிக்கொள்வது என்று தேபோங்குக்குத் தெரியவில்லை.

தோற்றால், பெட்டி எழுதியதால் தோற்றோம் என்பார்கள். பழி இன்ஜேவின் தலையில் விழும். ஜெயித்தால்? மன்னித்துவிடுவார்களோ? யோம் அப்படிப்பட்ட ஆளா? யோமைப் பற்றி நாலாயிரம் பக்கம் எழுதியிருக்கிறார். அந்த மனுஷன் எப்படிப்பட்டவர் என்று தனக்கு எதுவுமே தெரியாது என்பது இப்போதுதான் உறைத்தது.

ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. ஆட்டம் முடியாத வரை இன்ஜேவுக்கு வேலை இருக்கிறது. கிரேன்ஸ் மூன்றாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்தபோது எல்லோரும் குதித்தார்கள். இவர் கடிகாரத்தைப் பார்த்தார். புல்ஸ் ஐந்தாவதில் சமன் செய்தபோது பக்கத்து இருக்கைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இவருக்கு மூச்சு வந்தது. ஏழாவதில் கிரேன்ஸ் நாலுக்கு மூன்று என்று முந்தியபோது இவர் இருக்கையை விட்டு எழவில்லை.

“கைதட்டுங்க அப்பா, எல்லாரும் பார்க்கறாங்க,” என்றாள் ஹானுல்.

எட்டாவது இன்னிங்ஸ். கூண்டுக் கதவு திறந்தது. கன்வூ வந்து நின்றான். எதிரே இன்ஜே குந்தினான்.

டமார்.

மைதானம் எழுந்தது. வழக்கமாக இந்த இடத்தில் புல்ஸ் பெஞ்சில் இருப்பவர்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிக் கூண்டைப் பார்ப்பார்கள். தேபோங் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. ஒருவன் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பினான்.

டமார். டமார். இன்ஜே நிறுத்தவில்லை. யாரும் நம்பாத சத்தத்தை அவன் மறுபடி மறுபடி எழுப்பிக்கொண்டிருந்தான். அந்தப் பருத்த விரலை நினைத்தபோது தேபோங்குக்குத் தன் கை வலித்தது.

ஒன்பதாவதில் நாம்குங் நடந்து வந்தார். யாரும் முதுகைக் காட்டவில்லை. பெட்டி அண்ணன் சொல்லியிருக்கிறாரே, எழுந்து நின்று கைதட்டினார்கள். கிழவர் இதை எதிர்பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

முதல் இரண்டு பேரை வீழ்த்தினார். இன்னும் ஒருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. அதற்கப்புறம் புல்ஸ் ஆட்கள் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். அவசரமே இல்லை அவர்களுக்கு. பின்னால் வரப்போகிறவர் யாரும் இல்லை என்று தெரிந்துவிட்டது. நாம்குங்கின் பந்துகள் விலகி விலகிப் போயின. நாலு பந்து தவறி ஒருவன் முதல் பேஸுக்கு நடந்தான். அடுத்தவனும் நடந்தான். மூன்றாமவனும் நடந்தான். மூன்று பேஸிலும் ஆள். ஓர் அடி விழுந்தால் ஆட்டம் கைமாறிவிடும்.

மேனேஜர் யோம் பெஞ்சிலிருந்து படியேறி வந்தார். கூண்டைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

“கன்வூவையா?” என்று ஹானுல் எழுந்துவிட்டாள். “அவரால முடியாதே.”

அவர்களைத் தவிர அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எல்லோரும் பைத்தியமானார்கள். கன்வூவின் பாட்டு மூன்று வாரத்துக்கு அப்புறம் முதல் தடவையாக ஒலித்தது. கூண்டு வாசலில் இன்ஜே கன்வூவின் முழங்கையை ஒரு நொடி பிடித்திருந்தான். பிறகு விட்டான்.

கன்வூ முதல் பந்தை வீசினான். நேர்ப் பந்து. முழு வேகம். மட்டையில் உரசி, கணக்கில் சேராமல் பக்கக் கோட்டுக்கு வெளியே போனது. கன்வூ கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு தடம் விழுந்தது. பெரிய திரையில் எல்லோரும் பார்த்தார்கள். பாட்டு தானாகத் தேய்ந்து நின்றது.

இரண்டாவதும் நேர்ப் பந்து. இன்னொரு தடம்.

வேறு பந்து வராது என்று எதிரே நின்றவனுக்குத் தெரியும். கன்வூவுக்கும் அது தெரியும். மூன்றாவதையும் நேராகத்தான் போட்டான். மட்டையில் முழுசாகப் பட்டது. பந்து இடது பக்கம் உயர்ந்து, உயர்ந்து, சுவரோரம் போய் இறங்கியது. முதுகு சுவரில் மோத ஓடிய கிரேன்ஸ் ஆள் அதைப் பிடித்துவிட்டான்.

அவுட்.

அப்புறம் நடந்ததெல்லாம் தேபோங்குக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. யாரோ தலையில் பீர் ஊற்றினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் கட்டிப்பிடித்து அழுதார்.

“பார்த்தீங்களா அண்ணே, எல்லாம் அந்த இஸ்திரிப்பெட்டியாலதான். அவர் எழுதின ஒரே எழுத்து, மேனேஜருக்கு ரோஷம் வந்து கன்வூவை இறக்கிட்டாரு. கடவுள் மாதிரி அந்த ஆளு.”

“ஆமாம்,” என்றார் தேபோங்.

ஹானுல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். போனை நீட்டினாள். இன்ஜேவிடமிருந்து இரண்டே வரி.

‘மாடிக்குக் கூப்பிடறாங்க. அப்பா பேரைச் சொல்ல மாட்டேன். கவலைப்படாதே.’

*

கூட்டத்துக்கு எதிராக நடப்பது ஆற்றுக்கு எதிராக நடப்பது மாதிரி இருந்தது. அலுவலகப் படிக்கட்டின் கீழே காவலாள் கையை நீட்டி மறித்தான்.

“யாருங்க நீங்க?”

“தாக் இன்ஜேவோட மாமனார்,” என்றார் தேபோங்.

“அதை இன்னும் யாரும் முடிவு பண்ணல,” என்றாள் ஹானுல், அவர் முகத்தைப் பார்க்காமலே.

காவலாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். குடும்பச் சண்டை என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது. வழி விட்டான்.

மாடியில் ஒரே ஓர் அறையில்தான் விளக்கு எரிந்தது. கதவு பாதி திறந்திருந்தது. நாற்காலியில் இன்ஜே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், கால் காப்புகளைக்கூடக் கழற்றவில்லை. மேசைக்குப் பின்னால் மேனேஜர் யோம். தொலைக்காட்சியில் பார்ப்பதைவிடக் குள்ளமாக, களைத்துப்போய், தேபோங் வயசுக்காரராக இருந்தார். ஒரு கையில் ரொட்டி.

தேபோங் குனிந்து வணங்கினார். “நான்தான் இஸ்திரிப்பெட்டி.”

“ஐயோ அப்பா,” என்றான் இன்ஜே.

யோம் ரொட்டியை மென்று விழுங்கினார். “இவனும் இவ்வளவு நேரம் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தான். ஒன்பது வருஷமா எங்களைத் திட்டி எழுதினது எல்லாம் தான்தானாம். ஊர்ல வேற யாருக்கும் சம்பந்தமே இல்லையாம். இவன் பந்துக் கணக்குத் தாள்ல ரெண்டு வரி சேர்ந்தாப்ல எழுதி நான் பார்த்ததில்ல.” தேபோங்கை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களா. சட்டை நாறுது.”

“துவைக்கலீங்க.”

“நல்லது. துவைக்காதீங்க.”

“பையன் மேல தப்பில்லீங்க. நான் கன்வூவைக் கண்டபடி பேசினேன். அவனால பொறுக்க முடியல. சொல்லிட்டான். எழுதினது என் புத்தி. நியாயம்னு நினைச்சுத்தான் எழுதினேன்.”

“அதுதான் பிரச்சினையே,” என்றார் யோம். “நீங்க எப்பவும் நினைச்சதை எழுதறீங்க. அதனால எல்லாரும் நம்பறாங்க. எங்க ஆளுங்க நம்பறாங்க, சங்ஜுக்காரன் நம்பறான். செவ்வாய்க்கிழமை இறுதித் தொடர்ல எங்களுக்கு எதிர்ல நிக்கப்போறவனும் இந்நேரம் உங்க பக்கத்தைத்தான் திறந்து வச்சுக்கிட்டு இருப்பான்.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“கன்வூ விரல் இனிமே ஒரு பந்துக்கு ஆகாது. டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா அவன் வருவான்னு அவங்க பயப்படணும். சத்தத்தை இனிமே எவனும் நம்ப மாட்டான். உங்களை நம்புவான்.” இன்ஜே பக்கம் கையைக் காட்டினார். “இவன் செவ்வாய்க்கிழமை கூண்டுல இருக்கணும்னா, நாளைக்குக் காலையில இஸ்திரிப்பெட்டி ஒண்ணு எழுதணும். கன்வூ விரல் ஆறிடுச்சு, என் கண்ணால பார்த்தேன்னு. நான் சொல்றதை அப்படியே.”

தேபோங் ஒன்பது வருஷத்தில் தப்பாக எழுதியிருக்கிறார், அநியாயமாக எழுதியிருக்கிறார், கோபத்தில் எழுதியிருக்கிறார். நம்பாத ஒரு வரியை எழுதியதில்லை.

ஹானுலைப் பார்த்தார். அவள் இன்ஜேவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஜே தலையை லேசாக அசைத்தான். வேண்டாம் என்கிறானா, வேறு வழியில்லை என்கிறானா, தேபோங்குக்குப் புரியவில்லை.

“இப்பவே எழுதி வச்சிடலாம். உங்க போன்ல சார்ஜ் இருக்கா?” என்றார் யோம்.